குழந்தைக்கு நெஞ்சு தட்டும்போது பால் கக்குகிறது, தலையைத் தாழ்த்தித் தட்டுவது சரியா?

நாலு மாதப் பிள்ளை, நெஞ்சில் சளி, பிசியோ (சளி வெளியேற நெஞ்சைத் தட்டும் சிகிச்சை) செய்யச் சொல்லியிருக்கிறார்கள், மடியில் தலைகீழாகச் சாய்த்துத் தட்டினால் பால் மூக்கு வழியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் உங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், இல்லையா? எனக்கும் அப்படித்தான் நடந்தது.

முதலில் பதில். தலை தாழ்த்துவதை நிறுத்திவிட்டு, சொல்லிக்கொடுத்தவரிடம் இன்றைக்கே கேளுங்கள். தட்டுவதையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை. 'அரைகுறை அறிவு' என்று எழுதப்போகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதவும்.

பிரசவத்துக்கு வந்தவள் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் ஆத்தா (அம்மா) வீட்டிலேயே இருந்தேன். மகளுக்கு மூன்றரை மாதத்தில் நிமோனியா வந்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் 9 நாள் கிடந்தோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பாகம் சளி அடைத்துச் சுருங்கியிருந்தது. டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். ஆறு படம், ஒவ்வொன்றிலும் குழந்தை ஒவ்வொரு விதமாகக் கிடக்கும். கீழே எல்லாம் ஆங்கிலம். எங்கள் பிள்ளைக்கு எது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எம்.காம். படித்த திமிர், ஆறையும் செய்தேன். தினம் மூன்று வேளை, கையைக் குழித்துக்கொண்டு, கடிகாரம் பார்த்து.

பிள்ளை கக்கிக்கொண்டே இருந்தாள். எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா, அப்போது 81 வயது) பார்த்துவிட்டு, "ஏத்தா, உரம் விழுந்திருக்கு, பழைய சேலையில போட்டு உருட்டி எடுத்துருவோம்" என்றார்கள். (பிள்ளைக்குச் சுளுக்கு என்பதைத்தான் உரம் என்பார்கள்.) நான் வளவே (வீட்டின் உள்முற்றம்) அதிரக் கத்தினேன். கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவீர்களா, இதெல்லாம் எந்தக் காலம் என்று. ஆயா ஒன்றும் பேசாமல் முகப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உரம் எடுப்பது தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். குழாய் வைத்து உறிஞ்சித் தொக்கம் (உள்ளே சிக்கிக்கொண்டதாகச் சொல்லும் உணவு) எடுப்பது அதைவிட ஆபத்து. ஆனால் ஆயாவைத் திட்டிவிட்டு நான் போய்ச் செய்தது என்ன? அதே பிள்ளையைத் தலைகீழாகச் சாய்த்தேன், அதுவும் பால் கொடுத்து அரைமணி ஆகாமல். என் கையில் ஒரு தாள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழாம் நாள் பால் மூக்கிலும் வாயிலும் வந்து, முகம் கறுத்து, இரண்டு மூச்சு வரவில்லை. பறித்துத் தோளில் நிமிர்த்திப் போட்டது ஆயாதான்.

காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு சின்ன வயசு பிசியோ பெண், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மேல்பாகம்தானேக்கா, இதுக்கு உட்கார வச்சுத் தட்டினாலே போதுமே" என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேல்பாகத்துச் சளி நிமிர்ந்திருந்தால்தான் கீழ்நோக்கி வடியும். தலையைத் தாழ்த்துகிற படங்கள் நுரையீரலின் அடிப்பாகத்துக்கு. அதற்குமே கைக்குழந்தைகளை இப்போது பெரும்பாலும் சாய்ப்பதில்லையாம். இந்த வயதில் இரைப்பையின் வாய் அடிக்கடி தானே திறந்துகொள்ளும், சாப்பாடும் வெறும் பால்தான். சாய்த்தால் எதுக்களித்து மேலே வரும். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் மறுபடி இருமல், மறுபடி சளி. சளியை எடுக்கிறேன் என்று நானே சளியை உண்டாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு தேடிப் படித்தேன். 1997இல் மெல்போர்னில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கெட்டியாகித் தேங்கும் பரம்பரை நோய்) உள்ள 20 கைக்குழந்தைகளிடம் பார்த்திருக்கிறார்கள். தலை தாழ்த்தித் தட்டியபோது எதுக்களிப்பு கூடியது, தாழ்த்தாமல் தட்டியபோது அப்படி இல்லை. அது வேறு நோய், சின்ன ஆய்வு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மடியில் நான் பார்த்ததும் அதுதான்.

அப்புறம் நாங்கள் செய்தது இப்படி. பால் கொடுப்பதற்கு முன்னால், இல்லையென்றால் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து. மடியில் உட்காரவைத்து, முன்னால் லேசாகச் சாய்த்து, ஒரு கையால் தலையையும் நெஞ்சையும் தாங்கிக்கொண்டு, மெல்லிய துண்டுக்கு மேலே, விலா எலும்பு இருக்கும் இடத்தில் மட்டும். முதுகுத்தண்டில் கூடாது, வயிற்றில் கூடாது. குழித்த கையில் 'டொப் டொப்' என்று சத்தம் வரவேண்டும், 'பளார்' என்றால் கை தட்டையாகிவிட்டது.

உங்கள் பிள்ளைக்கு என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை. வெறும் பிராங்கியோலைடிஸ் (வைரஸால் நுரையீரலின் சின்னக் குழாய்கள் வீங்குவது) என்றால், வேறு கோளாறு இல்லாத பிள்ளைக்குத் தட்டவே வேண்டாம் என்பதுதான் 2015இல் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு சொன்னது. அதையும் கேளுங்கள்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டில் சினிமா ஷூட்டிங். வருஷத்தில் பத்து நாள்கூடத் திறக்காத வீடு, பங்காளிகள் சேர்ந்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஜெனரேட்டர் புகை எங்கள் வளவுக்குள் வருகிறது. கைக்குழந்தை இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று கேட்டால், "பத்து நிமிஷம்மா" என்கிறார்கள். நாலு நாள் அந்தப் பத்து நிமிஷம். ஊரே அழகு என்று படம் எடுக்கிறார்கள், உள்ளே ஆள் குடியிருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. சரி, அதை விடுங்கள்.

அடுத்த மாதம் எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. கக்குவது பத்தாம் மாதத்தில்தான் நின்றது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே நின்றுவிடும். நான் குளிக்கப்போன நேரத்தில் ஆத்தாவும் ஆயாவும் சேர்ந்து இரண்டு தடவை உருட்டிவிட்டார்களாம், அதில்தான் சரியானதாம். போன பொங்கலுக்குத்தான் சொன்னார்கள்.

பச்சையாகவோ ரத்தமாகவோ கக்கினால், பீய்ச்சி அடித்தால், எடை ஏறாவிட்டால், உதடு நீலமானால், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். மற்றபடி, அந்த மாதிரித் தாள் ஒன்று உங்களிடமும் இருந்தால் எடுத்துப்போய், எந்தப் படம் உங்கள் பிள்ளைக்கு என்று பேனாவால் வட்டம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.