வெயில் ஏறினால் சிக்னல் நழுவுகிறது, ஃபைபர் போட்டால் நிற்குமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டை மாடியில் டிஷ், கியூஓ-100 அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோள், கீழே ரிசீவர் வரை 80 மீட்டர் கேபிள் என்கிறீர்கள். சரி, ஃபைபர் இந்த அதிர்வெண் நழுவலை நிறுத்தாது. கோளாறு எல்.என்.பி.க்குள் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் பெட்டி) இருக்கிறது.

10489.5 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலிலிருந்து 9750ஐக் கழித்து, 739.5 ஆக இறக்கித் தருவது அதன் வேலை. பி.எல்.எல். வகையில், அதாவது கிரிஸ்டலோடு (சீராக அதிரும் சிறு படிகம்) பூட்டி ஓடும் வகையில், அந்த 9750, ஒரு 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் 390 மடங்கு. வெயிலில் கிரிஸ்டல் 10 ஹெர்ட்ஸ் பிசகினாலே வெளியே 3.9 கிலோஹெர்ட்ஸ் தள்ளிவிடும். குரல் சிக்னலின் அகலமே 2.7 தான்! கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, ஜி.பி.எஸ்.ஸோடு பூட்டிய 25 மெகாஹெர்ட்ஸை வெளியிலிருந்து கொடுங்கள். கிரிஸ்டலே இல்லாத பழைய டி.ஆர்.ஓ. வகை எல்.என்.பி. என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஃபைபர். 80 மீட்டர் ஆர்.ஜி.-6 கேபிள் சுமார் 15 டெசிபல் தின்னும்; ஃபைபரில் கிலோமீட்டருக்கே அரை டெசிபலுக்குள்தான். ஆனால் எல்.என்.பி. 50 டெசிபலுக்கு மேல் பெருக்கித் தருவதால், இந்தத் தூரத்துக்கு ஃபைபர் தேவையில்லை என்பேன். தவிர, ஃபைபரில் கரண்ட் போகாது; மாடியில் எல்.என்.பி.க்குத் தனி சப்ளை வைக்க வேண்டும். அந்தக் காசுக்கு, கடற்காற்றில் பச்சை பூத்திருக்கும் எஃப் கனெக்டர்களை (கேபிள் முனையில் திருகும் இணைப்பிகள்) மாற்றி, ரப்பர் டேப் சுற்றுங்கள்.