துடைத்தால் துணியோடு வரும் செம்பு

கேள்வி: பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். துருப்பிடித்த போல்ட்டுகளைத் தேய்த்து, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, மொபைல் சார்ஜரில் கரண்ட் கொடுத்தேன். அழகாகச் சிவந்து வந்தது, துணியால் துடைத்ததும் மொத்தமும் வந்துவிட்டது. கரண்ட் போதவில்லையா? இன்னொரு முனையில் எவர்சில்வர் கரண்டியை மாட்டிப் பார் என்கிறான் நண்பன். - ஈரோடு வாசகர்

பதில்: கரண்ட் மேல் பழி போடாதீர்கள், நீங்கள் ஸ்விட்சைப் போடும் முன்பே காரியம் கெட்டுவிட்டது. மயில்துத்தத் தண்ணீரில் இரும்பு பட்ட கணமே அது கொஞ்சம் கரைய, அந்த இடத்தில் செம்பு பொடியாக வந்து உட்காரும், அதற்கு மின்சாரமே தேவையில்லை. அந்தப் பொடிமேல் எவ்வளவு முலாம் ஏற்றினாலும் நிற்காது. பட்டறையில் முதலில் நிக்கலோ, சயனைடு கரைசலிலிருந்து செம்போ மெல்லிசாக ஏற்றிவிட்டுத்தான் மயில்துத்தத் தண்ணீரில் இறக்குவார்கள். சயனைடு பக்கம் நீங்கள் போகவே வேண்டாம்.

அதிருக்கட்டும், போல்ட்டுக்குச் செம்பு எதற்கு? அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூட அங்கே இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாகம் என்றால் அது கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஒரு லிட்டர் வெள்ளை வினிகரில் 100 கிராம் எப்சம் உப்பு கரைத்து, துத்தநாகத் துண்டுகளை இரவெல்லாம் ஊறப் போடுங்கள். மறுநாள் துத்தநாகத் தகடு பாசிட்டிவில், போல்ட் நெகட்டிவில். 1.5 வோல்ட் பெரிய பேட்டரி ஒன்றே போதும். 10 சதுர செ.மீ. பரப்புக்கு 0.1 ஆம்பியர், அரை மணி நேரம், அவ்வளவுதான். அதில் அதிகபட்சம் 8 மைக்ரான் ஏறும். அவசரப்பட்டுக் கரண்டைக் கூட்டினால் நுரைத்துக்கொண்டு கரிபோலக் கறுத்துவிடும். முலாமில் இறக்கும் முன்பே, எண்ணெய்ப் பிசுக்கு போயிற்றா என்று பார்க்க போல்ட்மேல் தண்ணீர் ஊற்றுங்கள், முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் கழுவ வேண்டும். பாதி முலாம் உரிவது இந்தச் சோம்பலால்தான்.

எவர்சில்வர் கரண்டி சமையலுக்கே இருக்கட்டும். அதிலுள்ள குரோமியம் கரைந்து ஹெக்ஸாவேலன்ட் குரோமியமாகலாம், அது புற்றுநோய் தரும் சரக்கு. வேலையை ஜன்னல் திறந்த இடத்தில், நெருப்பு இல்லாமல் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும்.

தலையில் 10.9 என்று பொறித்த அதிக உறுதியான ரக போல்ட்டுகளையும் பிரேக், சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே ஏறினால் உறுதியான எஃகு திடீரென்று முறியும். அவற்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். மிச்சமிருக்கும் மயில்துத்தத் தண்ணீரை வாய்க்காலில் கொட்ட வேண்டாம், மீன்கள் செத்துப்போகும்.