குத்துச்சண்டையில், ஹெவிவெயிட்டில் சாய்ப்பதற்கே கடினமான ஆள் யார்? உச்சத்தில் யாரோடு யாரை மோதவிட்டுப் பார்க்க ஆசை?

என் பதில் அமெரிக்காவின் முன்னாள் உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸ். "அவர் கீழே விழுந்தவராச்சே" என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். விழுந்தார்தான். ஆனால் விழாமல் நிற்பது வேறு, சாய்த்து ஆட்டத்தை முடிக்க முடியாதவராக இருப்பது வேறு.

விழாதவர்தான் வேண்டும் என்றால் கனடாவின் ஜார்ஜ் சுவாலோ. 93 தொழில்முறைப் போட்டிகளில் ஒருமுறைகூடத் தரையைத் தொடாத மனிதர். 1966-இல் டொராண்டோவில் முகம்மது அலியோடு 15 ரவுண்டு, 1972-இல் வான்கூவரில் அதே அலியோடு 12 ரவுண்டு, இரண்டையும் முழுசாக முடித்தார். 1970-இல் ஜார்ஜ் ஃபோர்மன் மூன்றாவது ரவுண்டில் போட்டுச் சாத்தியபோது நடுவர்தான் குறுக்கே புகுந்தார், சுவாலோ அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். அசாத்தியமான தாடை, அதாவது அடி தாங்கும் திறன். ஆனால் கணக்கில் 18 தோல்விகள் இருக்கின்றன. அடியை வாங்கிக்கொண்டே முன்னேறும் ஆளைப் பெரிய வீரர்கள் புள்ளிகளில் வென்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

தாடை என்று நாம் சொல்வதில் பாதி கழுத்துதான். தாடையில் ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) இறங்கும்போது தலை சுழல்கிறது, உள்ளே மூளை குலுங்குகிறது. வருகிற அடி கண்ணில் பட்டால் கழுத்துத் தசை தானாக இறுகிக்கொள்ளும், கண்ணில் படாத அடிதான் ஆளைச் சாய்க்கும். தெற்கு டெல்லியில் நான் பயிற்சி எடுக்கும் இடத்தில் கோச் சாப் புதிதாக வருகிறவர்களின் தாடைக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தைச் செருகிவிட்டு எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் ஷேடோ பாக்ஸிங் பண்ணச் சொல்வார். இரண்டாவது நிமிஷத்தில் கை வலிப்பதற்கு முன்னால் கழுத்து வலிக்கும், பந்து நழுவி ரிங்குக்கு அடியில் உருண்டு ஓடும், போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். தாடையை இறக்கி வைத்துக்கொண்டு எதிராளியின் தோளைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் இத்தனையும்.

ஹோம்ஸுக்கு வருவோம். 1979 செப்டம்பர் 28, லாஸ் வேகாஸ், எதிரே எர்னி ஷேவர்ஸ். ஹெவிவெயிட் வரலாற்றிலேயே கனமான கை உள்ளவர்களில் ஒருவர். ஏழாவது ரவுண்டில் அவருடைய வலது கை வந்து இறங்கியதும் ஹோம்ஸ் மல்லாக்க விழுந்தார். அந்த அடிக்குப் பிறகு யாரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தார். கால் தள்ளாடியது, ஆனால் தலை வேலை செய்தது: கட்டிப்பிடி, நகரு, கயிற்றோரம் மாட்டிக்கொள்ளாதே, மணி அடிக்கும்வரை ஓட்டு. அப்புறம் 11-ஆவது ரவுண்டில் ஷேவர்ஸைத்தான் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வருஷம் காயம்பட்ட இடது கையோடு கென் நார்ட்டனிடம் 15 ரவுண்டு ஆடிப் பட்டம் வாங்கியவரும் இவர்தான். 75 போட்டிகளில் ஹோம்ஸை நாக் அவுட் செய்தது ஒரே ஒருவர், 1988-இல் மைக் டைசன். அப்போது ஹோம்ஸுக்கு 38 வயது, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ரிங் பக்கமே வராமல் இருந்துவிட்டு வந்திருந்தார்.

அலியை ஏன் முதலில் வைக்கவில்லை என்று கேட்கலாம். அலி இதே டெல்லிக்கு 1980 ஜனவரியில் வந்து நம் ஹெவிவெயிட் வீரர் கவுர் சிங்கோடு காட்சிப் போட்டி ஆடினார், மெட்ராஸிலும் ஆடினார். அதே வருஷம் அக்டோபரில் ஹோம்ஸ் அவரைப் போட்டு அடித்த அடியில் பத்து ரவுண்டோடு அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தினார். அலியின் வாழ்க்கையில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரே தோல்வி அது. 1984-இல் பார்க்கின்சன் நோய்க்குறி என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஃபோர்மன், ஃப்ரேசியர், ஷேவர்ஸ் என்று எல்லார் அடியையும் தாங்கிய அந்த உடம்பை "தாங்கும் சக்தி" என்று கைதட்டிக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கனவுப் போட்டி. 1980 ஹோம்ஸ், எதிரே உக்ரைனின் 2004 விட்டாலி கிளிச்கோ. விட்டாலியும் தொழில்முறையில் ஒருமுறைகூட விழாதவர். 2003-இல் லெனாக்ஸ் லூயிஸிடம் தோற்றபோதுகூட மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் 58–56 என்று அவர்தான் முன்னால் இருந்தார். கண்ணுக்கு மேல் கிழிந்த காயம்தான் தோற்கடித்தது. ஆறடி ஏழு அங்குல உயரம், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்தே அடியைத் தவிர்ப்பார். அந்தச் சாய்வுதான் எனக்கு முக்கியம். ஒற்றை ஜாப்புக்கு (முன்கையால் நேராக விடும் குத்து) அது போதும், ஹோம்ஸ் மாதிரி இரண்டு மூன்று ஜாப் தொடர்ந்து போடுகிறவரிடம் இரண்டாவது ஜாப்புக்குச் சாய்வதற்கு இடம் இருக்காது. உயரம் குறைவென்றாலும் கைநீளத்தில் ஹோம்ஸ் அவருக்குச் சளைத்தவர் இல்லை. முதல் ஐந்து ரவுண்டு விட்டாலிக்குப் போகும், ஹோம்ஸ் ஒருமுறை விழுவார் என்றுகூட வைத்துக்கொள்கிறேன். 12 ரவுண்டு என்றால் விட்டாலி தப்பித்துவிடலாம். ஹோம்ஸ் காலத்து 15 ரவுண்டு என்றால் கடைசி மூன்றும் ஹோம்ஸுக்கு, நூலிழையில் பாயின்ட்ஸ் வெற்றி.

இன்னொரு கனவுப் போட்டி, சுவாலோவும் நியூசிலாந்தின் டேவிட் டுவாவும். டுவாவும் கடைசிவரை நாக் அவுட் ஆகாதவர். 1997-இல் ஐக் இபியபுச்சியோடு அவர் ஆடிய 12 ரவுண்டில் இருவரும் சேர்ந்து 1,730 குத்துகள் விட்டார்கள் என்று குத்துகளை எண்ணும் நிறுவனமான கம்ப்யூபாக்ஸ் கணக்கிட்டது, ஹெவிவெயிட்டில் அது சாதனை. இரண்டு பேருக்கும் பின்னால் போகத் தெரியாது. இடது ஹூக்கில் டுவா மேல், ஆனால் அந்த ஹூக்கை வாங்கிக்கொண்டு அடுத்த அடி முன்னால் வைக்கக்கூடிய ஒரே ஆள் சுவாலோதான். டுவா பாயின்ட்ஸில் ஜெயிப்பார், சுவாலோ விழ மாட்டார்.