குளிர்கால மனச்சோர்வுக்கு விளக்கு எப்படி மருந்தாகிறது?

நார்வேயின் ட்ரொம்சோ நகரில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி பாதி வரை சூரியன் உதிப்பதில்லை. இத்தகைய வடக்கு ஊர்களில் சிலருக்குக் குளிர்காலம்தோறும் மனச்சோர்வு வரும். தூக்கமும் பசியும் கூடும். 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலின் குழு இதை விவரித்தது. காலையில் பிரகாசமான விளக்கின் முன் உட்காருவதே ஒளி சிகிச்சை.

கண்ணில் விழும் காலை வெளிச்சத்தை வைத்தே மூளை தூக்கம்-விழிப்பு நேரத்தைக் கணிக்கும் தன் உள்கடிகாரத்தைச் சரிசெய்கிறது. மெதுவாக ஓடும் சுவர்க்கடிகாரத்தைத் தினமும் திருத்துவது போல. இருண்ட குளிர்காலத்தில் அந்தக் காலை வெளிச்சத்தின் வேலையை விளக்கு செய்கிறது.

அளவு: 10,000 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு), எழுந்ததும் 30 நிமிடம். வீட்டு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். விளக்கின் பெட்டியில் போட்டிருக்கும் லக்ஸ் எத்தனை செ.மீ. தூரத்துக்கு என்று பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம், பக்கவாட்டில் வைத்துப் பேப்பர் படிக்கலாம். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். பலன் தெரிய ஓரிரு வாரமாகும். இருமுனைக் கோளாறோ (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) விழித்திரை நோயோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இது வைட்டமின் டி-க்கான வெயில் குளியல் அல்ல: புற ஊதாக் கதிரை வடிகட்டிய இந்த வெளிச்சம் தோல் வழியாக அல்ல, கண் வழியாகத்தான் வேலை செய்கிறது.