காட்டு வாத்துக்கு ஏற்ற வாழிடத்தைக் கணினி எப்படிக் கணிக்கிறது?

ஒரு பறவைக்கு எந்த இடம் எவ்வளவு ஒத்துவரும் என்று மதிப்பெண் போட்ட வரைபடம்தான் வாழிட மாதிரி. புள்ளிமூக்கு வாத்தை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரிப் பக்கம் அது தென்பட்ட இடங்களைக் குறித்து, அங்குள்ள நீர் ஆழம், கரைப் புல், பக்கத்து வயல், சாலைத் தூரம் ஆகியவற்றோடு கணினியிடம் கொடுப்பார்கள். அதே சாயலுள்ள மற்ற இடங்களை அது காட்டும். நன்றாக ஓடும் டீக்கடைகளைப் பார்த்துவிட்டு, அதேபோல ஆள் நடமாட்டமும் பஸ் ஸ்டாப்பும் உள்ள இன்னொரு முனையைத் தேடுவது போலத்தான்.

சரி, இது ஏன் பலிக்கிறது? இந்த வாத்து பெரும்பாலும் முக்குளித்து இரை தேடாது. வாலை மேலே தூக்கி, தலையை நீருக்குள் விட்டு, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் மேயும். கூடு கட்டுவதும் கரையோரப் புல்லுக்குள், தரையில். ஏரி தளும்பி நின்றாலும் ஆழமான நடுப்பகுதியில் அதற்குச் சாப்பாடு குறைவு. ஓரத்துச் சேறும் புல்லும்தான் பிழைப்பு. கரை முழுக்கக் கல் பதித்து நடைபாதை போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிவது இதனால்தான்.

வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடத்திலெல்லாம் வாத்து இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வாழத் தோதான இடம் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், இருக்கிறதா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.