கூப்பன் கொடுத்தால் மனசு தேறுமா?

கேள்வி: மேடம், திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். ஊழியர்களுக்காக எட்டு வார ஆன்லைன் மனநலப் பயிற்சி ஒன்றுக்குப் பணம் கட்டினோம். முதல் வாரம் நிறையப் பேர் நுழைந்தார்கள். நான்காவது வாரத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. முழுசாக முடிப்பவர்களுக்கு 2,000 ரூபாய் கிஃப்ட் கூப்பன் கொடுக்கலாமா என்று கேட்டேன். 'அவங்க மனசு நல்லா இருக்கறதுக்கு நாம ஏன் லஞ்சம் கொடுக்கணும்?' என்கிறார் மேலாளர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கொடுங்கள். ஆனால் கடைசியில் மொத்தமாக 2,000 என்று வேண்டாம்.

முதலில், உங்கள் ஊழியர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 93 மனநலச் செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. அதில் நடுவாந்தரமான ஒரு செயலியை எடுத்துக்கொண்டால், நூறு பேர் இறக்கியிருந்தால் பதினைந்தாவது நாளில் திறந்தவர்கள் நான்கு பேருக்கும் குறைவு. முப்பதாவது நாளில் மூன்று பேர் சொச்சம். திருப்பூருக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை இது.

மனச்சோர்வு வந்தால் முதலில் பறிபோவது ஆர்வம்தான். பிடித்த சாப்பாடுகூட ருசிக்காது. அப்படிப்பட்டவரிடம் 'ஆறு வாரத்தில் தெளிவு வரும், இன்றைக்கு இந்தப் பாடத்தைப் படி' என்கிறோம். பலன் தூரத்தில் இருக்கிறது, சிரமம் மட்டும் இன்றைக்கு. கைக்கு இன்றைக்கே ஏதோ ஒன்று கிடைத்தால் அந்த முதல் சில வாரங்களைத் தாண்டிவிடுவார்கள்.

லஞ்சம் என்கிற மேலாளரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1990களின் தொடக்கத்தில் கோகெய்ன் பழக்கத்துக்குச் சிகிச்சை கொடுத்தார். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் ஒரு வவுச்சர். முதல் தடவை 2.50 டாலர்தான். தொடர்ந்து சுத்தமாக இருக்க இருக்கத் தொகை ஏறும், ஒரு தடவை தவறினால் மறுபடி 2.50-க்கு இறங்கிவிடும். 1994-இல் வெளியான ஆய்வில், வவுச்சர் வாங்கியவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். அதே சிகிச்சை கிடைத்தும் வவுச்சர் இல்லாதவர்களில் 40 சதவீதம்தான்.

இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது. ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனமும் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவும் சேர்ந்து தடுப்பூசி முகாம் நடத்தினார்கள். சில ஊர்களில் குழந்தையைக் கூட்டிவந்த ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் போட்டு முடித்தால் சாப்பாட்டுத் தட்டு செட். முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18 சதவீதக் குழந்தைகளுக்கு எல்லா ஊசியும் போடப்பட்டிருந்தது. பருப்பும் சேர்ந்த ஊர்களில் 39 சதவீதம். ஒரு கிலோ பருப்புக்காகப் பிள்ளையை விற்கிற தாய் யாரும் இல்லை. 'நாளைக்குப் போகலாம்' என்று தள்ளிப்போட்டவர்களை இன்றைக்கே கிளம்ப வைத்தது அந்தப் பருப்பு. அதைப்போய் லஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, எப்படிக் கொடுப்பது? இரண்டாவது வாரமே தடுமாறுகிறவருக்கு எட்டாவது வாரத்து 2,000 ரூபாயால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. பிரித்துக் கொடுங்கள். வாரம் 200 ரூபாய், அதுவும் பாடத்தை முடித்த அன்றைக்கே போனுக்குக் கூப்பன் எண் வந்துவிட வேண்டும். ஹிக்கின்ஸின் முறையில் ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள்: தவறினால் ஆரம்பத்துக்கே இறக்குவது. ஒரு வாரம் உள்ளே வராதவர், பெரும்பாலும் அந்த வாரம் படுக்கையைவிட்டு எழவே கஷ்டப்பட்டவராக இருப்பார். அவர் திரும்பி வந்தால் 200-க்குப் பதில் 300 கொடுங்கள். மீதியுள்ள 400 அதற்கு ஆகும்.

மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கவே கூடாது. இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பயிற்சிகள் பலவற்றில் பி.ஹெச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் இருக்கும். ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், கூடக் கூடச் சோர்வு அதிகம் என்று அர்த்தம். 'மதிப்பெண் குறைந்தால் கூப்பன்' என்றால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ஒருவர் 200 ரூபாய்க்காகப் பொய் சொல்லும்படி நாம் ஏற்பாடு செய்யக் கூடாது. வந்ததற்கும் படித்ததற்கும் கொடுங்கள். எப்படி உணர்கிறார் என்பதற்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், அந்தக் கூப்பனை உங்கள் கையால் கொடுக்காதீர்கள். ஹெச்.ஆர். மேஜையில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினால், யார் யார் மனநலப் பயிற்சியில் இருக்கிறார்கள் என்று மதியச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும். கூப்பனுக்கு ஆசைப்பட்டாலும் அந்த வரிசையில் நிற்கப் பயந்து ஒதுங்குவார்கள். பயிற்சி நடத்துகிற நிறுவனமே நேராக அனுப்பட்டும். உங்களுக்கு மொத்தம் எத்தனை பேர் என்ற எண் மட்டும் வந்தால் போதும், பெயர் வேண்டாம்.

பணத்தைவிடப் பெரிய பரிசு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. வேலை நேரத்தில் இருபது நிமிடம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ராத்திரி பத்தரைக்கு எந்தப் பெண் இந்தப் பாடத்தைத் திறப்பாள்? யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்காமல் அந்த இருபது நிமிடத்தை எல்லோருக்கும் கொடுங்கள்.

இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் வாரம் ஒரு தடவை போன் செய்து பேச ஒரு கவுன்சலரை அமர்த்துங்கள். போதை மறுவாழ்வுப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். 'போன வாரம் காணோமே, உடம்புக்கு என்ன?' என்று ஒரு நர்ஸ் கேட்டதற்காகவே தொடர்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆன்லைன் பயிற்சியிலும், பின்னால் ஒரு மனிதர் இருந்தால்தான் அதிகம் பேர் கடைசிவரை வருகிறார்கள்.

கேள்வி: என் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கவுன்சலர் சொன்னதால் தினமும் மனநிலையைக் குறிக்கிற செயலி ஒன்றில் எழுதிவந்தாள். விருப்பமாகத்தான் எழுதினாள். அதில் தொடர்ந்து எத்தனை நாள் என்று ஒரு நெருப்பு அடையாளம் காட்டும். காய்ச்சலில் இரண்டு நாள் விட்டதும் அது பூஜ்யமாகிவிட்டது. 'இதைக்கூட என்னால ஒழுங்கா செய்ய முடியல' என்று அழுதாள். இப்போது திறப்பதே இல்லை. மறுபடி ஆரம்பித்தால் புது இயர்போன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லட்டுமா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: வேண்டாம் அம்மா. மேலே கொடுக்கச் சொல்லிவிட்டு உங்களை மட்டும் தடுக்கிறேனே என்று தோன்றும். அங்கே உள்ளே வரவே மனம் வராதவர்கள். உங்கள் மகள் விரும்பி எழுதினவள். அமெரிக்காவில் 1973-இல் வந்த ஓர் ஆய்வில், படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம் 'வரைந்தால் தங்க முத்திரை வைத்த சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். பிறகு சும்மா விளையாட விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட மிகக் குறைவான நேரமே வரைந்தார்கள். தானாக வந்த விருப்பத்தின் மேல் கூலியை வைத்தால் விருப்பம் கழன்றுவிடுகிறது.

நெருப்பு அடையாளம் அவளை ஏற்கெனவே ஒரு தடவை கீழே தள்ளியது. இயர்போனும் சேர்ந்தால், அடுத்த தடவை விடும்போது அம்மாவையும் ஏமாற்றிவிட்டோம் என்று நினைப்பாள். செட்டிங்ஸில் அந்த எண்ணையும் நினைவூட்டல்களையும் அணைக்க முடியுமா என்று இருவருமாகப் பாருங்கள். முடியாவிட்டால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி விட்டுப்போனால் நோட்டு ஒன்றும் சொல்லாது. 'இன்னிக்கு எழுதினியா?' என்று கேட்காதீர்கள். நடந்ததைக் கவுன்சலரிடம் அவளே சொல்லட்டும். 'இதைக்கூட முடியல' என்ற அந்த வாக்கியம் அவருக்குத் தெரிய வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். தூக்கமில்லாமல் ஒரு செயலியை இறக்கினேன். முதல் வாரம் நிறைய நாணயங்கள் தந்தது. இப்போது அடுத்த பாடம் திறக்க நாணயம் போதவில்லை, பணம் கட்டு என்கிறது. கட்டலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: கட்டாதீர்கள் ஐயா. நல்ல பரிசு உங்களிடம் வர வேண்டும், உங்களிடமிருந்து போகக் கூடாது. தொடர்ந்து தூக்கம் கெட்டால் முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மனசு விட்டுப் பேச வேண்டுமென்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.