எங்கள் தொகுதி வேட்பாளர் மருத்துவத்துக்கு என்ன செய்வார் என்பதை அரசு ஆவணங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் தேடிய இடத்தில் அது கிடைக்காது. வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் முழுவதும் படித்தும் ஒன்றும் அகப்படவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். படிவம் 26 என்ற அந்தப் பத்திரத்தில் சொத்து, கடன், வருமான வரி, வழக்கு, படிப்பு, அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாம் உண்டு. கொள்கை கேட்கும் கட்டம் ஒன்றுகூடக் கிடையாது. உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான்: வேட்பாளருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ தனியார் மருத்துவமனையிலோ மருந்து வியாபாரத்திலோ பங்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் குற்றம் என்று சொல்லவரவில்லை. தெரிந்திருப்பது நல்லது.

நீங்கள் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஓட்டுப் போட மட்டும் நெல்லைக்கு வருகிறவர் என்று நினைக்கிறேன். உள்ளூரில் இருப்பவர் இந்தக் கேள்வியை இணையத்தில் கேட்கமாட்டார். டீக்கடையில் கேட்டு, தவறான பதிலை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

நான் இந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்றும் நர்ஸம்மாதான். ஆரம்ப சுகாதார நிலையத்தை 'நான் கொண்டுவந்தேன்' என்று ஆளாளுக்கு மைக்கில் முழங்கும்போது, அதற்குள் தடுப்பூசிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவளுக்கு எரிச்சல் வராதா? அதனால்தான் எழுதுகிறேன். எந்தக் கட்சியிலும் நான் இல்லை. மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் எங்களுடையது எது என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் பதிலை விட்டுவிட்டு என் சாதியைத் துருவ ஆரம்பித்துவிடுவார்கள்.

நடந்தது இதுதான். தேர்தல் நெருங்கும் நேரத்தில், மறுபடியும் நிற்கப்போகிற எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஊருக்கு வந்து, துணை சுகாதார நிலையத்தின் புதுக் கட்டடம் தன் முயற்சியால் வந்தது என்று பேசினார். கைதட்டலும் கிடைத்தது. மறுநாள் காலையில் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். திறப்பு விழாக் கல்வெட்டு வராந்தாச் சுவரில் பதித்திருக்கிறது. கருப்புக் கல்லில் பொன்னிற எழுத்து. மேலே பெரிய மனிதர்களின் பெயர்கள், தூரத்திலிருந்தே படிக்கும் அளவில். கீழ்ப் பாதியை மறைத்துக்கொண்டு பழைய இரும்புக் கட்டில் ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஆயாவும் நானுமாக அதை நகர்த்தினோம். கடைசி வரியில், பெயர்களில் பாதி அளவு எழுத்தில், 'பதினைந்தாவது நிதிக்குழு மானியம்' என்று இருந்தது. அது உள்ளாட்சி அமைப்புகள் மூலம் சுகாதாரத்துக்கென்று மத்தியிலிருந்து வந்த பணம். தம்பி, கல்வெட்டும் பொது ஆவணம்தான். இணையத்தில் தேடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

பணம் அவருடையது இல்லை என்பதற்காக அவர் முயற்சியே எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. இடம் ஒதுக்கவோ முன்னுரிமை தரவோ பரிந்துரைக் கடிதம் கொடுத்திருக்கலாம். அதனால் அவர் கையில் நேரடியாக இருக்கும் பணம் எங்கே போனது என்று பார்க்க முடிவு செய்தேன். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்த வேலைக்கு என்று பரிந்துரைப்பவர் உறுப்பினர். கணக்கு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி மனு அனுப்பினேன்.

மனு எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'எங்கள் உறுப்பினர் மருத்துவத்துக்கு என்ன செய்தார்?' என்று கேட்டால், தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏன், எதற்கு, சரியா என்ற சொற்களே மனுவில் இருக்கக்கூடாது. ஆண்டுவாரியாக அவர் பரிந்துரைத்த பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் இடம், நிர்வாக அனுமதி ஆணையின் நகல், செலவான தொகை என்று பொருளாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டம். எனக்கு முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது.

பட்டியலைப் படித்தபோது சிரிப்பு வந்தது. உயர்கோபுர மின்விளக்கு, பயணியர் நிழற்குடை, சிமெண்ட் சாலை, நியாயவிலைக் கடை, சமுதாய நலக்கூடம், மறுபடியும் உயர்கோபுர மின்விளக்கு. எங்கள் ஊர் முக்கில் எரிவதும் அதில் ஒன்று. மருத்துவம் என்று விரலை வைக்கக் கிடைத்தது, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுற்றுச்சுவர்.

இந்தப் பட்டியல் என்னிடம் இருப்பது எப்படியோ கசிந்து, எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "நகல் கொடுங்கள் அக்கா, நோட்டீஸ் அடிக்கிறோம். ஐந்து வருஷமாக ஆஸ்பத்திரியைப் பற்றிச் சட்டசபையில் வாயே திறக்காதவர் அவர்" என்றார். அது உண்மைதானா என்று பார்க்காமல் கொடுக்க எனக்கு மனமில்லை. பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கங்களாக இருப்பவற்றில் பெயரைத் தட்டச்சு செய்து தேட முடியாது, கண்ணால்தான் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். துறைகள் தங்கள் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பதை மானியக் கோரிக்கை என்பார்கள். மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, மானியக் கோரிக்கை எண் 19, அந்த விவாதம் நடந்த நாள்களையும் கேள்வி நேரத்தையும் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வர வரப் புரட்டினேன். எங்கள் உறுப்பினர் கேட்டிருந்தார். தொகுதியிலுள்ள அரசு மருத்துவமனையைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா என்று கேள்வி. அமைச்சரின் பதில்: அ) இல்லை. ஆ) எழவில்லை. முதல் பகுதிக்கு இல்லை என்றதால் அடுத்த பகுதிக்கு இடமே இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் துணைக்கேள்வி கேட்டு மகப்பேறு மருத்துவர் இல்லாததையும் சொல்லியிருந்தார்.

வந்தவருக்குப் பட்டியலையும் பேரவைப் பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்துத்தான் கொடுத்தேன். நோட்டீஸில் பட்டியல் மட்டும் வந்தது.

எங்கள் உறுப்பினரைப் பற்றி நான் எடுத்த முடிவு: ஆஸ்பத்திரியின் தேவை தெரிந்த மனிதர், சொந்த நிதி என்று வரும்போது, ராத்திரியில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற விளக்குக்குப் போய்விடுகிறவர். உங்கள் வேட்பாளரையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். கேட்டது ஒரு பக்கம், கையெழுத்துப் போட்டது இன்னொரு பக்கம். மேடைப் பேச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதிலும் நியாயம் பார்க்கவேண்டும். 2021இல் ராதாபுரத்தில் வென்ற அப்பாவு பேரவைத் தலைவர் ஆனார். அந்த நாற்காலியில் இருப்பவர் எழுந்து தொகுதிக்காகக் கேள்வி கேட்க முடியாது. கேள்விப் பட்டியலில் பெயர் இல்லை என்று அவரைப் போன்றவர்களைக் குறை சொல்வது அறியாமை. அமைச்சர்களுக்கும் இதே கதைதான்.

எது யார் கையில் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் அரசியல் சட்டத்தில் மாநிலத்துக்கு விட்ட மாநிலப் பட்டியலில் இருப்பவை. அவற்றுக்குச் சட்டமன்ற வேட்பாளரைப் பிடிக்கலாம். மருத்துவக் கல்வி, மத்தியும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியல். நீட் விலக்கு மசோதாவைப் பேரவை 2021இல் நிறைவேற்றியும் டெல்லியைத் தாண்டவேண்டியிருந்தது அதனால்தான். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை மத்தியத் தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. அங்கே டாக்டர் போடுவேன் என்று சட்டமன்ற வேட்பாளர் வாக்குக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். மாநில ஆஸ்பத்திரிகளிலும் நியமனம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நடக்கிறது. வேட்பாளரால் முடிந்தது, காலியிடத்தைப் பேரவையில் விடாமல் கேட்பது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை என்ற கணக்கை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாவட்டச் சுகாதார அலுவலர் அலுவலகத்திலும், அரசு மருத்துவமனைகளுக்கு நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் அதே 10 ரூபாய்க்குக் கேட்கலாம்.

காலியிடம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா வேட்பாளரும் டாக்டர் இல்லை என்கிறார்கள், மருந்து இல்லை என்கிறார்கள். கிராம செவிலியரின் பாதி நாளைப் பதிவேடு தின்கிறது என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. கர்ப்பிணிகளின் விவரத்தை நோட்டில் எழுதி, மறுபடியும் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் ஏற்றவேண்டும். ஏற்றுவது எங்கள் கைபேசி, எங்கள் ரீசார்ஜ். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டு. அங்கே ஏறி உட்கார்ந்து ஏற்றினால், மாலையில் மேலதிகாரி போனில் 'எண்ணிக்கை ஏன் குறைகிறது?' என்று கத்துவார். பிரசவம் பார்த்ததற்கு ஒரு நாளும் யாரும் போன் செய்து பாராட்டியதில்லை. 'எல்லா வேலையிலும் இதுதானே' என்று கருத்துப் பகுதியில் எழுதப்போகிறவர்கள் முதலில் அந்தப் படிக்கட்டில் ஒரு சித்திரை மதியம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

முதல்முறை நிற்பவருக்குப் பேரவைப் பதிவு இருக்காது. அவர் ஊராட்சித் தலைவராகவோ ஒன்றியக் கவுன்சிலராகவோ இருந்திருந்தால் கூட்டத் தீர்மானப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். துணை சுகாதார நிலையத்துக்குக் குடிநீர் இணைப்பு, சாக்கடை, கொசு மருந்து பற்றி அவர் காலத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று அதில் தெரிந்துவிடும். எந்தப் பதவியிலும் இருந்ததில்லை என்றால் கட்சியின் தேர்தல் அறிக்கையைத் தவிர வேறு காகிதம் கிடைக்காது. நேரில் வரும்போது கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தேர்தல் தேதி அறிவித்த பிறகு மனு போடாதீர்கள். அலுவலகம் முழுக்கத் தேர்தல் பணிக்குப் போய்விடும்; பதில் வருவதற்குள் ஓட்டு எண்ணியும் முடிந்துவிடும். நேரம் இல்லையென்றால் வில்லைக்குக் கொடுக்கிற 10 ரூபாயை மிச்சப்படுத்திவிட்டு, மானியக் கோரிக்கை 19 விவாதத்தையும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் இணையத்தில் படியுங்கள். குறிப்பில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் பெயரைத் தேடினால் அரை மணி நேரத்தில் வேலை முடியும்.